ரைவல்ரி: பகையும் இல்ல, வெறும் போட்டியும் இல்ல

பேஸ்பால் பத்தி தமிழ்ல எழுத உக்காந்தா என் கை தயங்கி நிக்கிற இடம் ரைவல்ரிங்கிற சொல்லுதான். சிலர் பகைன்னு போடுறாங்க, சிலர் போட்டின்னு போடுறாங்க, டிவில பரம எதிரிகள்னு சொல்றாங்க, மூணுமே எனக்கு ஒட்டல. பகைன்னா எதிராளி அழியணும், அவன் இல்லாமப் போனாத்தான் நிம்மதி. போட்டின்னா கோலப்போட்டியும் போட்டிதான், சாயங்காலம் பரிசு குடுத்ததும் முடிஞ்சிரும். ரைவல்ரி இந்த ரெண்டுலயும் அடங்காது, ஏன்னு அந்தச் சொல்லு பொறந்த இடத்தைப் பாத்தா தெரியும்.

லத்தீன்ல ரீவுஸ்னா சின்ன ஓடை, வாய்க்கால். அதுல இருந்து வந்தது ரிவாலிஸ், அதாவது இன்னொருத்தனோட சேந்து ஒரே வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சுறவன். ரோமானியச் சட்டத் தொகுப்புலயே இந்த அர்த்தத்துலதான் வருது, தண்ணித் தகராறு பத்தின பகுதியில. அப்புறம் ஒரே பொண்ணை விரும்புற ரெண்டு பேருக்கும் அதே சொல்லை வச்சாங்க, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வந்துச்சு. (ரிவர்ங்கிற சொல்லோட குழப்பிக்க வேணாம், அது கரைன்னு பொருள்படுற ரீப்பாங்கிற வேற சொல்லோட வழி.) நானூறு வருஷத்துக்கு முந்தின ஆங்கிலத்துல ரைவல்னா கூட நின்னு காவல் காக்கிற கூட்டாளின்னு கூட ஒரு அர்த்தம் இருந்திருக்கு!

வாய்க்கால் பாசனம் தெரிஞ்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். முறை வச்சு தண்ணி விடுற காலத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச்சும் மம்பட்டியுமா வரப்புல நடந்து போவாங்க, தன் முறை இன்னும் முடியாதப்பவே மடையில எவனோ மண்ணை வெட்டித் தண்ணியைத் திருப்பியிருப்பான், ஈர மண்ணுல கால்தடம் இருக்கும், அது யாரு கால்னு கேக்கவே வேண்டியதில்ல, மேல்மடைக்காரன் கால்தான். அவனோட ரெண்டு மாசம் பேச்சுவார்த்தை இருக்காது. ஆனா வாய்க்கால் தூர்வாரணும்னா அவனும்தான் வரணும், ஏன்னா தண்ணி வராட்டி ரெண்டு பேர் வயலும் காயும்.

இப்படி ஒரே சொத்துல பங்கு இருக்கிறதாலயே மல்லுக்கு நிக்கிறவனுக்கு நம்மகிட்ட ரெடியா ஒரு சொல்லு இருக்கு, பங்காளி. பங்கை ஆள்றவன். மதுரைப் பக்கம் சேக்காளியைக் கூட என்ன பங்காளின்னு கூப்பிடுவாங்க, அதே வாய் வரப்புத் தகராறையும் பங்காளிச் சண்டைன்னு சொல்லும். உறவும் மோதலும் ஒரே சொல்லுக்குள்ள உக்காந்திருக்கு, லத்தீன் ரிவாலிஸ்ல இருந்த மாதிரியே. அதனால ரைவல்ரிக்கு என் தமிழ் பங்காளிப் போட்டி, சூடு அதிகமானா பங்காளிச் சண்டை. பங்காளின்னு தனியா மட்டும் போட வேணாம், இலங்கைச் செய்திகள்ல பங்காளிக் கட்சின்னா கூட்டணிக் கட்சி, அங்க அர்த்தம் மாறிரும்.

சரி, இந்த அர்த்தத்தை வச்சே பேஸ்பால்ல எது உண்மையான ரைவல்ரின்னு பாக்கலாம். நான் கேக்கிற கேள்வி ஒண்ணுதான், ரெண்டு டீமுக்கும் வாய்க்கால் ஒண்ணா?

டாட்ஜர்ஸும் ஜயன்ட்ஸும்தான் இதுக்கு முதல் சாட்சி. டாட்ஜர்ஸ் புரூக்ளின், ஜயன்ட்ஸ் மன்ஹாட்டன், ஒரே நியூயார்க் நகரம், ஒரே நேஷனல் லீக் (அமெரிக்க பேஸ்பால்ல இருக்கிற ரெண்டு லீக்ல ஒண்ணு). 1969ல லீக்கை டிவிஷன்களாப் பிரிக்கிற வரைக்கும் லீக்ல முதல் இடம் வர்ற ஒரே டீம்தான் வேர்ல்ட் சீரிஸுக்கு, அதாவது ரெண்டு லீக் சாம்பியன்களும் மோதுற கடைசித் தொடருக்குப் போகும், ரெண்டாவதா வந்தவனுக்கு ஒண்ணும் கிடையாது. 1951ல ரெண்டு டீமும் ஒரே கணக்குல வந்து நின்னு, முடிவு பண்ண மூணு ஆட்டம் வச்சாங்க, மூணாவது ஆட்டத்தோட கடைசி இன்னிங்ஸ்ல டாட்ஜர்ஸ் 4-2ன்னு முன்னாடி இருக்கிறப்ப பாபி தாம்சன் பந்தை எல்லைக்கு வெளிய அடிச்சு மூணு ரன் கொண்டுவந்த ஹோம் ரன்ல ஜயன்ட்ஸ் 5-4ன்னு ஜெயிச்சிருச்சு. வாசல் வரைக்கும் வந்த தண்ணியைப் பங்காளி திருப்பிட்டுப் போனா எப்படி இருக்கும், புரூக்ளினுக்கு அன்னைக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

1957 சீசன் முடிஞ்சதும் ரெண்டு டீமும் சேந்தே ஊரைக் காலி பண்ணி கலிஃபோர்னியா போச்சு, ஒண்ணு லாஸ் ஏஞ்சலஸ், ஒண்ணு சான் ஃபிரான்சிஸ்கோ. ஜயன்ட்ஸ் முதலாளி மினியாபொலிஸ் போறதா இருந்தவரு, அவரை சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இழுத்ததே டாட்ஜர்ஸ் முதலாளி வால்டர் ஓ'மாலிதான். எதிராளியைக் கூட்டிட்டுப் போய்ப் பக்கத்துல குடி வைக்கிறதை எந்தப் பகையில பாத்திருக்கீங்க?

1965 ஆகஸ்ட் 22, சான் ஃபிரான்சிஸ்கோ. ஜயன்ட்ஸ் பிட்சர் (பந்து எறியுறவர்) வான் மரிச்சால் பேட் பண்ண நிக்கிறார், டாட்ஜர்ஸ் கேட்சர் (பேட்டருக்குப் பின்னாடி பந்தைப் பிடிக்கிறவர்) ஜான் ரோஸ்போரோ பந்தைத் தன் பிட்சருக்குத் திருப்பி எறியுறப்ப அது மரிச்சால் காதை ஒட்டிப் போகுது, வாய்ச்சண்டையாகி மரிச்சால் கையில இருந்த பேட்டாலயே ரோஸ்போரோ தலையில அடிச்சுட்டார். முகமெல்லாம் ரத்தம். ரோஸ்போரோவைப் பிடிச்சு அணைச்சுக் கூட்டத்துல இருந்து வெளிய கூட்டிட்டுப் போனது யாருன்னா எதிர் டீம் ஆளு, ஜயன்ட்ஸோட வில்லி மேய்ஸ். அந்த வருஷக் கணக்கு டாட்ஜர்ஸ் 97 வெற்றி, ஜயன்ட்ஸ் 95. ரெண்டே ரெண்டு ஆட்ட வித்தியாசம், அவ்வளவு நெருக்கத்துலதான் கை ஓங்கும். பிற்காலத்துல அவங்க ரெண்டு பேரும் நண்பர்களாகி, 2002ல ரோஸ்போரோ இறந்தப்ப மரிச்சால் இறுதிச் சடங்குக்குப் போய் நின்னார்.

இதோட சேத்து ஒரு கதை சுத்தும், 1956 டிசம்பர்ல ஜாக்கி ராபின்சனை டாட்ஜர்ஸ் ஜயன்ட்ஸுக்கு வித்தப்ப, பங்காளி சட்டையைப் போட மாட்டேன்னு அவர் ரிட்டையர் ஆயிட்டார்னு. அவர் அதுக்கு முன்னாடியே ரிட்டையர் ஆக முடிவு பண்ணி வேற வேலைக்கும் ஒத்துக்கிட்டார், அதனால இதை ஆதாரமா எடுத்துக்காதீங்க.

நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் விஷயத்துல ஒரு வாதம் வரும், ரெண்டு பேரும் சமமா ஜெயிச்சாத்தானே ரைவல்ரி, பாஸ்டன் 1918க்கு அப்புறம் 2004 வரைக்கும் ஒரு வேர்ல்ட் சீரிஸ் கூட ஜெயிக்கலையே, அதுக்குள்ள யாங்கீஸ் 26 தடவை ஜெயிச்சிருச்சேன்னு. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. கடைமடைக்காரன்தான் தண்ணிக்கு அதிகமா சண்டை போடுவான். 1949, 1978, 2003, மூணு தடவையும் பாஸ்டன் வாய் வரைக்கும் வந்ததைப் பறிச்சது இதே யாங்கீஸ்தான். 2004ல அதே யாங்கீஸோட ஏழு ஆட்டத் தொடர்ல 0-3ன்னு பின்தங்கி, தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயிச்சு பாஸ்டன் திருப்பிக் குடுத்ததுக்கு அவ்வளவு ருசி வந்தது அந்தப் பழைய கணக்காலதான்.

ஒருதலையா இருக்கிறதும் உண்டு. சான் டியேகோ பேட்ரெஸ் ரசிகர்கள் ரொம்ப காலம் டாட்ஜர்ஸைக் கரிச்சுக் கொட்டுனாங்க, டாட்ஜர்ஸ் ரசிகர்களோட கோபமெல்லாம் ஜயன்ட்ஸ் மேலதான் இருந்துச்சு. 2022ல 89 ஆட்டம் ஜெயிச்ச பேட்ரெஸ், 111 ஜெயிச்ச டாட்ஜர்ஸை, சீசன் முடிஞ்சு நடக்கிற பிளேஆஃப்ல வெளிய அனுப்பிச்சு. அங்கதான் மடை வெட்டுனாங்க, அதுக்கப்புறம் இந்தப் பக்கமும் திரும்பிப் பாக்குது.

அதே பேட்ரெஸை சியாட்டில் மரைனர்ஸோட ஜோடி சேத்து ஷெட்யூல்ல ரைவல்ன்னு வச்சிருக்காங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல 1,500 கிலோமீட்டருக்கு மேல, லீக்கே வேற, ஒருத்தர் இடத்தை இன்னொருத்தர் பறிக்கிற வழியே சீசன்ல இல்ல. வசந்தகாலப் பயிற்சிக்கு அரிசோனாவுல ஒரே வளாகத்தைப் பகிர்ந்துக்கிறாங்க, ஆனா அங்க யாரும் எதையும் இழக்கிறதில்ல. ஆட்டம் நல்லாவே இருக்கும், டிக்கெட்டும் விக்கும், அதைத் தமிழ்ல எழுதுறப்ப போட்டின்னு போட்டா போதும். டாட்ஜர்ஸ் ஜயன்ட்ஸ் மாதிரி ஆட்டத்துக்கு மட்டும் பங்காளிச் சண்டைன்னு எழுதுங்க.