அந்த ஒரு மக் தண்ணீர்

கடலூர் முதுநகர்ப் பக்கமுள்ள ஒரு பேவர் பிளாக் பட்டறையிலிருந்து சோதனைக்கு ஆறு க்யூப் (கனசதுரக் கட்டி) வந்தன. ஜியோபாலிமர் கலவை, அதாவது சிமென்ட் இல்லாமல் அனல்மின் நிலையச் சாம்பலைக் காஸ்டிக் சோடா மாதிரி காரக் கரைசலால் இறுக வைப்பது. மூன்று நன்றாகத் தாங்கின. மற்ற மூன்றும் பாதிச் சுமையிலேயே விரிசல் விட்டுவிட்டன.

"ஒரே சாம்பல், ஒரே கரைசல் சார். ரெண்டு மோலார் ஏத்திடவா?" என்றார் பட்டறைக்காரர். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இந்த மோலாரில், அதாவது கரைசலில் காரம் எவ்வளவு என்கிற அளவில்தான் வந்து நிற்கிறார்கள்.

நேரில் போனேன். கலவை வெல்லப்பாகு மாதிரி கரண்டியை விடாமல் ஒட்டியது. ஸ்லாக் (இரும்பு உலைக் கசடுத் தூள்) சேர்த்திருந்ததால், பதினொரு மணி வெயிலுக்குச் சீக்கிரமே இறுக ஆரம்பித்தது. கலவை போடும் அண்ணன் டிரம்மிலிருந்து ஒரு மக் தண்ணீர் மொண்டு ஊற்றினார். யாரையும் கேட்கவில்லை, சிமென்டில் பழகிய கை.

சிமென்ட் தண்ணீரைத் தனக்குள் பிடித்துக்கொண்டுதான் இறுகும். இங்கே கதை வேறு. சாம்பலில் கண்ணாடிபோல் இருக்கும் சிலிக்காவையும் அலுமினாவையும் காரம் கரைக்கிறது. கரைந்தவை மறுபடி கோத்துக்கொண்டு வலையாகின்றன. அப்போது தண்ணீர் வெளியேதான் வருகிறது. ஸ்லாக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கூடுதலாக ஊற்றியது காரத்தை நீர்த்துப்போக வைத்து, காய்ந்த பிறகு துளைகளாக மிஞ்சும். சீக்கிரம் இறுகினால் ஸ்லாக்கைக் குறைக்கலாம், விடியற்காலையில் வேலையை முடிக்கலாம். மக் கூடாது.

மோலார் முக்கியமில்லை என்று சொல்லவில்லை. சாம்பல் கலவைக்கு 8 முதல் 14 வரை வைப்பது வழக்கம். அளவுக்கு மீறினால் மிச்சக் காரம் பிளாக்கின் மேல் வெள்ளையாகப் பூக்கும். 10 மோலார் என்றால் 400 கிராம் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, மொத்தமாக ஒரு லிட்டர் ஆக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 400 கிராம் கொட்டினால் அது 10 ஆகாது. அந்தப் பட்டறையில் சோடா மூட்டை வாய் திறந்து கிடந்தது. கடல்காற்றில் ஈரம் குடித்துச் செதில்கள் கட்டிகட்டியாக ஒட்டியிருந்தன. தராசு காட்டியதில் சோடா எவ்வளவு, ஈரம் எவ்வளவு?

அப்புறம் சாம்பல். நெய்வேலியில் எரிப்பது பழுப்பு நிலக்கரி. அதன் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம், சட்டென்று இறுகும். சுண்ணாம்பு குறைந்த நிலக்கரிச் சாம்பலை மட்டும் போட்டால் நம் ஊர் வெயில்கூடப் போதாது. 60 டிகிரியில் ஒரு நாள் வைத்தால்தான் சீக்கிரம் பலம் வரும். ஒன்றுக்கு எழுதிய அளவை மற்றதற்குப் போட்டுவிட்டுச் சரக்கைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. நைசும் முக்கியம்: 45 மைக்ரான் சல்லடையில் நிறையத் தங்கும் சாம்பல் பாதி கரையாமலே கிடக்கும்.

டிரம்மையே அகற்றிவிடலாமா என்று பட்டறைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். அண்ணன் கையில் உறையில்லை, கண்ணுக்குக் கண்ணாடியில்லை. காஸ்டிக் தெறித்தால் உடனே கழுவத் தண்ணீர் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். டிரம்மைக் கலவை மெஷினிலிருந்து பத்தடி தள்ளி வைத்தோம்.