அடிக்காமல் இறங்கும் நங்கூரம்

செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என் தம்பி மும்பை ஹை எண்ணெய் வயலில் வெல்டராக வேலை செய்கிறான். சுத்தியலால் அடிக்காமல், வெறும் பம்ப்பை வைத்தே பெரிய இரும்பு உருளையைக் கடலடி மண்ணுக்குள் இறக்கிவிடலாம் என்று அவனுடைய மேற்பார்வையாளர் சொன்னாராம். அது உண்மையா? உண்மை என்றால், 2021 புயலில் பி-305 பார்ஜை அது காப்பாற்றியிருக்குமா?"

முதல் கேள்விக்கு ஆம் என்பதே பதில்; அந்த உருளைக்கு உறிஞ்சு நங்கூரம் என்று பெயர். இரண்டாவது கேள்வி வேறு வகை நங்கூரத்தைப் பற்றியது. 2021 மே 17 அன்று டவ்தே புயலில் நங்கூரப் பிடி இழந்து, 261 பேருடன் அலைக்கழிந்து மூழ்கியது அந்த பார்ஜ், அதாவது எண்ணெய் வயல் பணியாளர்கள் தங்கும் மிதவைக் கலம். இடம் மாறி மாறி வேலை செய்யும் கலங்கள் பொதுவாக இழுவை நங்கூரங்களையே பயன்படுத்துகின்றன. சங்கிலி தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்து இழுக்கும்வரை அவை மண்ணைக் கவ்வும். இழுப்பு மேல்நோக்கித் திரும்பினால் பிடி தளரும். நிரந்தரமாக ஓரிடத்தில் நிற்க வேண்டிய மேடைகளுக்கும் மிதவைகளுக்கும் உரியது உறிஞ்சு நங்கூரம்.

அதன் அமைப்பு எளிமையானது: மேல்பக்கம் மூடி, கீழ்ப்பக்கம் திறந்த எஃகு உருளை. சில மீட்டர் விட்டம் இருக்கும். சுவரின் தடிப்போ சில சென்டிமீட்டர்தான். கப்பலிலிருந்து கடலடிக்கு இறக்கினால், தன் எடையிலேயே கொஞ்சம் மண்ணுக்குள் புதைந்து நின்றுவிடும். பிறகு மூடியில் பொருத்திய பம்ப் உள்ளிருக்கும் நீரை வெளியேற்றத் தொடங்கும். உள்ளே அழுத்தம் குறையும், வெளியே கடலின் அழுத்தம் அப்படியே இருக்கும். அந்த வேறுபாடு மூடியைக் கீழே தள்ளுகிறது. 5 மீட்டர் விட்டமுள்ள உருளையின் மூடி ஏறக்குறைய 20 சதுர மீட்டர். ஒரே ஒரு வளிமண்டல அழுத்த வேறுபாடு கிடைத்தாலே, 200 டன் எடையை அதன் தலையில் ஏற்றியதற்குச் சமம்.

பெரும்பாலான விளக்கங்கள் இதோடு நின்றுவிடுகின்றன. என்னை வியக்க வைப்பது இதற்கு அடுத்த பகுதிதான்.

இறுகிய மணலுக்குள் உருளைச் சுவர் நுழைவது எளிதல்ல. வெறும் எடையை மட்டும் ஏற்றி அழுத்தினால், 200 டன்னும் போதாமல் பாதியில் நின்றுபோகக்கூடும். ஆனால் பம்ப் இயங்கும்போது உருளை எதிர்பார்த்ததைவிட மிக எளிதாக இறங்குகிறது. காரணம், நீர் மணலின் வழியாகப் பாய்கிறது. உள்ளே அழுத்தம் குறைந்ததும், வெளியிலுள்ள கடல்நீர் சுவரின் வெளிப்புறத்தை ஒட்டி மண்ணுக்குள் இறங்கி, சுவரின் அடிவிளிம்பைச் சுற்றித் திரும்பி, உட்புறம் வழியாக மேலேறுகிறது. மணலின் வலிமை முழுவதும், மணிகள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி உராய்வதில்தான் இருக்கிறது. மேலேறும் நீர் ஒவ்வொரு மணியையும் சற்றே தூக்கிப் பிடிக்கிறது. மணிகளுக்கு இடையிலான அழுத்தம் தளர, உராய்வும் தளர்கிறது. எந்த விளிம்பு உள்ளே போக வேண்டுமோ, சரியாக அதன் காலடியிலும் உட்பக்கத்திலும் மண் நெகிழ்ந்து வழிவிடுகிறது. பம்ப்பை நிறுத்தியதும் ஓட்டம் அடங்கும். மணிகள் மறுபடியும் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தும். வலிமை திரும்பிவிடும்.

ஆக, ஒரே பம்ப் மேலிருந்து தள்ளவும் செய்கிறது, கீழே வழி திறக்கவும் செய்கிறது. இதற்கு அடிப்படையான விதியை 1920களில் இஸ்தான்புல்லில் ஆசிரியராக இருந்த கார்ல் டெர்சாகி வகுத்தார்: மண்ணின் வலிமையைத் தீர்மானிப்பது அதன்மேல் விழும் மொத்தச் சுமை அல்ல, அதிலிருந்து துளைநீரின், அதாவது மணிகளின் இடைவெளிகளில் உள்ள நீரின், அழுத்தத்தைக் கழித்தபின் மிஞ்சுவது.

இதற்கு ஓர் எல்லை உண்டு. நீரோட்டம் மிகைத்தால் மணிகள் முற்றிலும் மிதக்கத் தொடங்கும், உள்ளே மணல் கொதிப்பதுபோல் பொங்கும். நீர் தனக்கென ஒரு வாய்க்கால் அறுத்துக்கொண்டுவிட்டால் அழுத்த வேறுபாடும் போய்விடும், நங்கூரமும் அந்தரத்தில் நின்றுவிடும். அதனால்தான் இறக்கும் நேரம் முழுவதும் பொறியாளர்கள் அழுத்தமானியிலிருந்து கண்ணெடுப்பதில்லை.

களிமண்ணில் கதை வேறு. அதில் நீர் எளிதில் ஊடுருவாது, ஆகவே மேற்சொன்ன நெகிழ்வு கிடைக்காது. ஆனால் களிமண் மென்மையானது, அழுத்தமே போதும். அங்கே வித்தை பின்னால் வருகிறது. நாற்று நடும் வயலின் சேற்றில் புதைந்த காலை வெடுக்கென்று இழுத்தால் வராது, மெல்ல மெல்ல எடுத்தால்தான் வரும். அதேபோல, புயலலை நங்கூரத்தை மேலே இழுக்கும்போது அடியில் வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது. அதை நிரப்ப நீர் வந்தாக வேண்டும். அலையின் இழுப்போ பத்துப் பதினைந்து விநாடிதான். களிமண் வழியாக நீர் வந்துசேர மாதங்கள் ஆகும். அதற்குள் அலை கடந்துபோய்விடுகிறது.

1980களின் தொடக்கத்தில் டென்மார்க்கின் கோர்ம் எண்ணெய் வயலில் உறிஞ்சு நங்கூரம் முதன்முதலாக வணிக அளவில் பயன்பட்டது. 1994இல் நார்வே பக்கத்து வட கடலில் எழுந்த டிராப்னர் மேடை, குழாய்த் தூண்களை அடித்து இறக்காமல், இவ்வகை உருளைகளின் மேல் இறுகிய மணலில் நின்றது. மறு ஆண்டு ஜனவரி 1 அன்று, 25.6 மீட்டர் உயர அலை ஒன்று அங்கே வந்தது. சுற்றியுள்ள அலைகளைவிட மிக உயர்ந்து திடீரென எழும் பேரலைகளில், கருவியால் நம்பகமாகப் பதிவான முதல் சிலவற்றில் ஒன்று அது. மேடைக்குச் சிறு சேதம்தான்.

மும்பை ஹைக்கு வருவோம். 1974இல் கண்டறியப்பட்ட அந்த வயல் நகரிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர் தொலைவில், 75 மீட்டர் ஆழமுள்ள கடலில் இருக்கிறது. அங்கே பொறியாளர்களுக்குச் சோதனை வைப்பது சுண்ணாம்பு மணல், அதாவது சிப்பிகளும் நுண்ணுயிர் ஓடுகளும் உடைந்து சேர்ந்த மணல். மணிகள் உள்ளீடற்றவை, அழுத்தினால் நொறுங்கும். நொறுங்கியதும் தூணின் பக்கத்தை இறுக்கிப் பிடிக்க மண் இருக்காது. இதே வகை மண்ணுள்ள ஆஸ்திரேலியாவின் நார்த் ராங்கின் மேடையில், 1980களில் அடித்து இறக்க வேண்டிய தூண்கள் தம் எடையிலேயே பல மீட்டர் சரிந்து இறங்கின. ஆற்று மணலுக்கு எழுதிய சூத்திரத்தை இங்கே அப்படியே போட முடியாது.

இதைக் கரையிலேயே சோதிக்கும் இடம் பவாய் ஏரிக்கரையில் இருக்கிறது. மும்பை ஐஐடியில் 4.5 மீட்டர் ஆரமுள்ள மையவிலக்குப் பொறி ஒன்று உண்டு. நூறில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியை அதில் வைத்துச் சுழற்றி, 100 மடங்கு ஈர்ப்பு விசையை உண்டாக்கினால், சிறு பெட்டியிலுள்ள மண் ஆழமான கடல்தரையின் அழுத்தத்தை உணரும். அதைவிட அழகான ஆதாயம் காலத்தில் இருக்கிறது: நீர் கசிந்து மண் இறுகும் வேகம் பத்தாயிரம் மடங்காகிறது. ஒரு மணி நேரச் சுழற்சியில், கடலில் ஓராண்டுக்கு மேல் நடப்பதைப் பார்த்துவிடலாம்.

நாட்டின் உற்பத்தியில் ஆராய்ச்சிக்கு நாம் ஒதுக்குவது 0.64 விழுக்காடு அளவில்தான் நிற்கிறது. மண்ணாய்வு அதிலும் கடைசி வரிசை, ஏனென்றால் திறப்பு விழாவில் காட்ட அதில் எதுவும் இல்லை. 2024 ஜூனில் குஜராத், தமிழ்நாட்டுக் கடல்களில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை ஏற்றது. அவையும் கடலடி மண்ணில்தான் நிற்க வேண்டும். பொதுப்பணத்தில் துளைத்தெடுக்கும் ஒவ்வொரு மண் மாதிரியின் தரவும் ஆய்வாளர் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் கடிதத்தில் இன்னொரு வரியும் இருந்தது: கடல் காவு கேட்டது, அதனால்தான் அந்த விபத்து என்று பக்கத்து வீட்டார் சொன்னார்களாம். நாரளி பௌர்ணமியன்று கோலி மீனவர்கள் கடலுக்குத் தேங்காய் விடுவதை நான் மதிக்கிறேன், அது கடலோடு வாழ்பவர்களின் நன்றி. ஆனால் ஒரு சாவுக்குக் காவு என்று காரணம் சொல்லிவிட்டால், புயல் எச்சரிக்கையையும் நங்கூரத்தின் வலிமையையும் யாரும் விசாரிக்க மாட்டார்கள். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு அது பெரும் அநியாயம்.

தமிழ்நாட்டுக் காற்றாலைகளுக்குக் குறிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவுக்கு உறிஞ்சு நங்கூரம் பொருந்துமா என்பதையும் அங்குள்ள மண்ணே முடிவு செய்யும். மணலுக்கடியில் சில மீட்டரிலேயே பாறை தட்டுப்படும் இடங்களில் இது உதவாது. மணல் ஆழமாக உள்ள இடங்களில், சுத்தியலடியின் பேரிரைச்சல் இல்லாததால், அந்தக் கடலின் கடற்பசுக்களுக்கும் ஓங்கில்களுக்கும் (டால்பின்களுக்கும்) இது பெரும் நன்மை. காற்றாலையின் ஆயுள் முடிந்த பின், அதே மூடி வழியாக நீரை உள்ளே செலுத்தினால் போதும். உருளை இறங்கிய வழியே மேலேறி வந்துவிடும்.