ஒரே அளவு போட்ட டப்பா, ஆனால் வேறு வேறு பெல்லட்: சுடுதளத்து ஸ்டாலில் என்ன சோதிக்கிறார்கள்?

மியூனிக் நகரத்துக்கு வெளியே ஹோக்ப்ரூக்கில், 1972 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய சுடுதளத்தில் இன்றும் உலகக் கோப்பை அளவிலான துப்பாக்கி சுடும் போட்டிகள் நடக்கின்றன. இந்த மாதிரிப் பெரிய போட்டி என்றால் கூடவே ஸ்டால்களும் வந்துவிடும். துப்பாக்கி, ஜாக்கெட், கையுறை, சுடும்போது போடும் கண்ணாடி, பயிற்சிக் கருவி என்று ஆளாளுக்குக் கடை விரித்திருப்பார்கள். புதுத் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்க்கும் ஸ்டாலில்தான் கூட்டம் அதிகம். என்னைக் கேட்டால், அவசியம் போய் நிற்க வேண்டிய இடம், காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டை டெஸ்ட் செய்து தரும் மேஜை.

அங்கே நடப்பது இதுதான். உங்கள் ஏர் ரைஃபிளை வாங்கி, கனமான மேஜையோடு சேர்த்து முடுக்கிய வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் இடுக்கி) அசையாமல் பிடிப்பார்கள். 10 மீட்டர் தள்ளி ஒரு காகிதப் பட்டை. டப்பாவைத் திறந்து பெல்லட்டை ஒவ்வொன்றாகப் போட்டு, குறி எதையும் மாற்றாமல் ஐந்தோ பத்தோ சுடுவார்கள், பட்டையை நகர்த்திவிட்டு அடுத்த டப்பாவை எடுப்பார்கள். மனிதக் கையும் கண்ணும் இதில் இல்லை என்பதால், ஓட்டைகள் எவ்வளவு சிதறுகின்றனவோ அவ்வளவும் பேரலும் (துப்பாக்கிக் குழாய்) பெல்லட்டும் சேர்ந்து செய்த வேலை. அப்படி விழுந்த ஓட்டைகளின் கூட்டத்துக்குத்தான் குரூப் என்று பெயர்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், புள்ளிக் கணக்கைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் ரைஃபிள் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு பொட்டு. அதிகபட்சப் புள்ளி 10.9, அதிலிருந்து ஒவ்வொரு 0.25 மி.மீ. விலகலுக்கும் 0.1 புள்ளி போய்விடும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ராவும் உக்ரைனின் செர்ஹி குலிஷும் சமமாக நின்றபோது, யார் வெளியேறுவது என்று முடிவு செய்ய ஆளுக்கு ஒரு குண்டு சுட்டார்கள். குலிஷ் 10.5, பிந்த்ரா 10.0. பிந்த்ராவுக்கு நான்காவது இடம். அந்த இரண்டு குண்டுகளுக்கும் மையத்திலிருந்து இருந்த தூரத்தில் வித்தியாசம் ஏறக்குறைய 1.25 மி.மீ.தான்.

இனி பெல்லட்டுக்கு வருவோம். போட்டி பெல்லட் ஈயத்தால் செய்தது, ரைஃபிளுக்கான வகை சுமார் 0.53 கிராம் இருக்கும். மூக்கு தட்டையாக இருக்கும், காகிதத்தில் சுத்தமான வட்ட ஓட்டை விழ வேண்டும் என்பதற்காகவே அப்படி. நடுவில் இடுப்பு ஒடுங்கி, பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்திருக்கும், உள்ளே குழி. அழுத்தமான காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அந்த மெல்லிய ஓரம் பேரலோடு ஒட்டிக்கொண்டு காற்றை விடாமல் பிடிக்கும். முன்பக்கத் தலை, பேரலுக்குள் திருகலாக வெட்டியிருக்கும் வரிகளின் மேடுகளைப் பிடித்துக்கொண்டு சுழலும். டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று ஒட்டியிருப்பது இந்தத் தலையின் விட்டம், மில்லிமீட்டரில். தலை சிறிதாகிப்போனால் பெல்லட் பேரலுக்குள் கொஞ்சம் சாய்ந்து உட்கார இடம் கிடைத்துவிடும், பெரிதாகிப்போனால் இறுக்கத்தில் ஈயம் ஒருபக்கமாக நசுங்கலாம். எது சரி என்பது உங்கள் பேரலின் உள் விட்டத்தைப் பொறுத்தது, அதுவும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி சில மைக்ரான் மாறும்.

சாய்ந்தால் என்ன ஆகும்? பெல்லட்டின் எடை மையம் சுழலும் அச்சிலிருந்து விலகிவிடும், எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். பேரலுக்குள் இருக்கும்வரை அந்த எடை மையம் அச்சைச் சுற்றி ஒரு குட்டி வட்டம் போட்டபடி முன்னால் போகிறது, வாயை விட்டு வெளியே வந்த கணத்தில் பிடித்து வைக்க ஆள் இல்லாததால், அப்போது எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமாக விலகி நேர்கோட்டில் கிளம்பிவிடுகிறது. கணக்குப் போட்டே பார்க்கலாம். வரிகள் 45 செ.மீ.க்கு ஒரு சுற்று திருப்புவதாகவும், பெல்லட் வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போவதாகவும் வைத்துக்கொண்டால், வினாடிக்கு ஏறத்தாழ 380 சுற்று. எடை மையம் வெறும் 0.01 மி.மீ. தள்ளியிருந்தால் பக்கவாட்டு வேகம் வினாடிக்கு சுமார் 2.4 செ.மீ. டார்கெட் போய்ச் சேர ஆகும் 0.06 வினாடியில் அது 1.4 மி.மீ. ஆகிவிடும். ரியோவில் தீர்ப்பு சொன்ன இடைவெளியைவிட இது அதிகம்! நல்ல பெல்லட்டில் இந்தக் கோணல் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அதைக் குறைத்து வைப்பது தொழிற்சாலைக்கு எவ்வளவு பெரிய வேலை என்பது இந்தக் கணக்கில் புரியும்.

தொழிற்சாலையில் ஈயக் கம்பியை வெட்டி அச்சில் வைத்து அழுத்தித்தான் பெல்லட் செய்கிறார்கள். அச்சு தேயும், மாற்றுவார்கள், ஒரே அளவுக்குச் செய்த இரண்டு அச்சுகளும் மைக்ரான் கணக்கில் ஒன்றாக இருக்காது. அதனால்தான் ஒரே பிராண்ட், ஒரே 4.50, ஆனால் வேறு லாட் (ஒரே தடவையில் செய்த தொகுதி) என்றால் உங்கள் பேரலில் வேறு மாதிரி அடிக்கும்.

சரி, ஸ்டாலுக்குத் திரும்புவோம். காகிதத்தில் குரூப்பை அளக்க, ஓட்டைகளின் வெளி விளிம்பு முதல் வெளி விளிம்பு வரை அளந்து 4.5 மி.மீ. கழிப்பார்கள். எலக்ட்ரானிக் டார்கெட் வைத்திருந்தால் இன்னும் நல்லது. அதில் ஒரு வகை, சத்தத்தை வைத்து இடத்தைக் கண்டுபிடிக்கும்: பெல்லட் துளைக்கும்போது எழும் ஒலி மூலைகளில் இருக்கும் மைக்குகளை வெவ்வேறு நேரத்தில் அடையும், அந்த நேர வித்தியாசத்திலிருந்து புள்ளி கணக்காகும். 0.25 மி.மீ. தூரத்தை ஒலி கடக்க ஒரு மைக்ரோ வினாடிகூட ஆகாது, அந்த நுணுக்கத்தில் கடிகாரம் ஓட வேண்டும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள், யாரும் ஏமாற்றுவதால் அல்ல. ஐந்து குண்டு சுட்டு, ஓட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தால் உடனே "இதுதான் என் லாட்" என்று டப்பா டப்பாவாக வாங்கிவிடுகிறார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஒரே தீயில் ஒரே மாதிரி வெந்த சோற்றுக்குச் சரி. பெல்லட் ஒவ்வொன்றும் தனித்தனியாக, தற்செயலாக விலகுகிறது. ஒரு பெல்லட்டின் இயல்பான சிதறல், திட்ட விலக்கமாக, ஒவ்வொரு திசையிலும் 0.3 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து குண்டு குரூப்பின் சராசரி அளவு சுமார் 0.9 மி.மீ. வரும். ஆனால் அதே டப்பாவிலிருந்து பத்து குரூப் சுட்டால் ஒன்று 0.55 வாக்கில் வரும், இன்னொன்று 1.3 வரை போகும். டப்பா மாறவே இல்லை! ஸ்டாலில் பத்து லாட்டை லாட்டுக்கு ஒரு குரூப் என்று சுட்டு, அதில் சின்னதைத் தேர்ந்தெடுத்தால் நீங்கள் தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் அதிர்ஷ்டத்தைத்தான். குரூப் அளவு என்பது மிகவும் தள்ளி விழுந்த இரண்டே குண்டுகளைப் பார்ப்பது, மீதி மூன்றும் என்ன சொல்கின்றன என்று அது கவலைப்படாது.

அதனால் மேஜையில் இருப்பவரிடம் தயங்காமல் கேளுங்கள். முதல் சுற்றில் எல்லா லாட்டையும் ஒரு முறை சுட்டு, மோசமானதை ஒதுக்கிவிட்டு, மிஞ்சிய இரண்டு மூன்றை மட்டும் பத்துப் பத்தாக மூன்று முறையாவது சுடச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக் டார்கெட் என்றால் ஒவ்வொரு குண்டும் குரூப்பின் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற சராசரியைக் கேட்டு வாங்குங்கள், எல்லாக் குண்டையும் கணக்கில் எடுப்பதால் அது குரூப் அளவைவிட நம்பகமானது. கூட்டம் இருந்தால் நேரம் கிடைக்காது என்பது உண்மைதான், போட்டியின் கடைசி நாளில் போனால் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும்.

இதனால் எத்தனை புள்ளி கிடைக்கும்? துப்பாக்கி பிடிப்பதில் வரும் சிதறலும் பெல்லட்டின் சிதறலும் நேராகக் கூடுவதில்லை, வர்க்கமாகக் கூடுகின்றன, அதனால் பெரியது சின்னதை அமுக்கிவிடும். சராசரியாக 10.5 அடிக்கும் ஒருவர் 0.3 மி.மீ. சிதறும் பெல்லட்டிலிருந்து 0.2-க்கு மாறினால், என் கணக்குப்படி 60 குண்டில் சுமார் 0.8 புள்ளி கூடும், இறுதிச் சுற்றுக்குள் நுழைவதா வெளியே நிற்பதா என்பது அதற்கும் குறைவான வித்தியாசத்தில் முடிவாவது உண்டு. அதே மாற்றம் சராசரி 9.5 அடிப்பவருக்குக் கால் புள்ளிதான் தரும். அவர் ஸ்டாலில் வரிசையில் நிற்பதைவிட, பயிற்சிக் கருவி வைத்திருக்கும் ஸ்டாலுக்குப் போய், ட்ரிக்கரை இழுக்கும் அந்தக் கணத்தில் தன் குறி எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று திரையில் பார்த்துவிட்டு வரலாம், அதில் கிடைப்பது அதிகம்.

லாட் பிடித்துவிட்டது என்றால் டப்பாவின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். தலை அளவு மட்டும் பார்த்தால் போதாது, லாட் எண்ணும் நீங்கள் சுட்டுப் பார்த்த டப்பாவில் இருந்ததும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பயிற்சிக்கும் போட்டிக்கும் சேர்த்து அந்த சீசனுக்கு வேண்டியதை அன்றே வாங்கிவிடுங்கள், அந்த லாட் தீர்ந்துவிட்டால் பிறகு எங்கே கேட்டாலும் கிடைக்காது. ஊருக்குக் கொண்டுவரும்போது டப்பாக்கள் குலுங்காமல் துணியில் சுற்றி வையுங்கள். ஈயம் நகத்தால் அழுத்தினாலே குழி விழும் உலோகம், பாவாடை ஓரம் நெளிந்துவிட்டால் அந்த பெல்லட்டைப் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பெல்லட் தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், ஈயம் உடம்புக்குள் போனால் லேசில் வெளியேறாது.