கைவினை அல்ல, புனைதல்

கணினி விளையாட்டுகளில் மரம் வெட்டுகிறோம், நிலக்கரி தோண்டுகிறோம், சிலந்தியைக் கொன்று நூல் எடுக்கிறோம். பையைத் திறந்தால் இவை அத்தனைக்கும் மேலே ‘கைவினைப் பொருட்கள்’ என்று தலைப்பு; ஆங்கிலத்தின் ‘கிராஃப்டிங் மெட்டீரியல்ஸ்’, அதாவது பொருள் செய்ய வேண்டியவை, இப்படித் தமிழாகியிருக்கிறது. விளையாட்டுக் காணொளிகளில் பேசுகிறவர்களும் இதையே சொல்லிப் பழகிவிட்டார்கள்: “கைவினைப் பொருள் பத்தல, குகைக்குள்ள போகணும்.” கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

கிராஃப்ட் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் வலிமை என்று பொருள். ஜெர்மனில் அதன் உறவுச்சொல் இன்றும் வலிமையைத்தான் குறிக்கிறது. ஆங்கிலத்தில் அது திறமையாகி, தொழிலாகி, பிறகு செய்யும் செயலுக்கே வினைச்சொல்லாயிற்று. 1997இல் வந்த அல்டிமா ஆன்லைன் விளையாட்டிலேயே கொல்லர் வேலை, தையல்வேலை எல்லாம் உண்டு. 2011இல் முழுமையாக வெளியான மைன்கிராஃப்ட், தோண்டுவதையும் செய்வதையும் தன் பெயரிலேயே சேர்த்து வைத்துக்கொண்டது. இதற்கு மேல் வேர் தேட வேண்டியதில்லை.

சிக்கல் தமிழாக்கத்தில்தான். கைவினைப் பொருள் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது பத்தமடைப் பாய், தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு. எல்லாம் செய்து முடித்தவை. ஆற்றங்கரைக் கோரையைக் கைவினைப் பொருள் என்று யாரும் சொல்வதில்லை. பாயாக நெய்த பிறகுதான் அந்தப் பெயர். விளையாட்டில் அந்தத் தலைப்பின் கீழ் இருப்பதோ கோரை! செய்வதற்கு வேண்டியதைச் செய்து முடித்ததன் பெயரால் அழைக்கிறோம். பொருள் தலைகீழாகிவிட்டது. மூலப்பொருள் என்று பள்ளிப் பாடநூலிலிருந்து தொழிற்சாலை வரை எல்லோரும் சொல்லும் சொல் இருக்கும்போது இந்தக் குழப்பம் எதற்கு?

இந்த விளையாட்டுகளில் இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். மைன்கிராஃப்டில் ஒரு மரக்கட்டை 4 பலகை தரும். 2 பலகையில் 4 குச்சி. 3 பலகையும் 2 குச்சியும் சேர்ந்தால் மரப் பிக்காசு. பலகை செய்த பொருள்தான், ஆனால் அடுத்த படியில் அதுவே மூலப்பொருள். நம் சித்த மருத்துவர்கள் இதை எப்போதோ பெயரிட்டுப் பிரித்துவிட்டார்கள். இயற்கையில் கிடைப்பது பிறவிச் சரக்கு, மனிதர் கூட்டிச் செய்வது வைப்புச் சரக்கு. பாடாணங்கள் எனப்படும் நச்சுச் சரக்குகள் 64 என்று சொல்லி, பிறவி 32, வைப்பு 32 என்று வகுப்பது அவர்கள் மரபு. மரக்கட்டை பிறவி, பலகை வைப்பு. இதைவிடப் பொருத்தமான இணை வேறெந்த மொழியில் கிடைக்கும்? ஆனால் ‘சரக்கு தீர்ந்துவிட்டது’ என்று திரையில் வந்தால் இன்றைய தமிழ்நாட்டில் என்ன நினைப்பார்கள் என்பது தெரிந்ததே. டாஸ்மாக் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மனமில்லாமல்தான் மூலப்பொருளோடு நிற்கிறேன்.

இனி வினைச்சொல்லுக்கு வருவோம். கைவினை ஒரு பெயர்ச்சொல், ஏவலாக வராது. ‘வாளைக் கைவினை செய்’ என்று பொத்தானில் எழுதினால் அது தமிழே இல்லை. இதற்குப் பயந்து ‘கைவினைப்படுத்து’ என்று ஒன்றைக் கிளப்பினார்கள். அதை உரக்கச் சொல்லிப் பார்த்த யாரும் மறுபடி எழுத மாட்டார்கள். ‘உருவாக்கு’ பரவாயில்லை, ஆனால் புதிய உலகத்தை உருவாக்கு, கணக்கை உருவாக்கு என்று அது ஏற்கெனவே பத்து இடத்தில் வேலை பார்க்கிறது. ‘வடிவமை’ என்பது தாளில் வரைகிறவர் வேலை. ‘தயாரி’ என்றால் கஷாயம் கொதிக்கிற மணம் வருகிறது. ‘செய்’ என்ற எளிய சொல்லோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் விளையாட்டில் பொருள் செய்யும் மேசைக்கும், செய்யக்கூடியவற்றின் பட்டியலுக்கும் பெயராக்கும்போது அது தடுமாறும். ‘செய்வினை மேசை’ என்று யாராவது எழுதினால் எலுமிச்சம்பழமும் குங்குமமும்தான் கண்முன் நிற்கும்.

என் தேர்வு ‘புனை’. கைபுனைந்து இயற்றாக் கவின்பெறு வனப்பு என்கிறது திருமுருகாற்றுப்படை: கையால் செய்து ஆக்காத, தானே அமைந்த அழகு. அடுத்த அடியிலேயே பொலம்புனை அவிரிழை, அதாவது பொன்னால் செய்த ஒளிவிடும் அணி. கை இருக்கிறது, மூலப்பொருள் இருக்கிறது, செய்த பொருளும் இருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? புனை, புனைந்தான், புனைமேசை, புனைபட்டியல் என்று எங்கும் இழுத்த இழுப்புக்கு வருகிறது.

புனைவு என்றால் கற்பனை அல்லவா, பொய் வழக்குப் புனைந்தார்கள் என்று எழுதுகிறோமே என்பார்கள். உண்மைதான். ஆங்கிலத்திலும் கிராஃப்டி என்றால் தந்திரக்காரன். அவர்கள் அதற்காகச் சொல்லைக் கைவிடவில்லை. மாலை புனைவதும் கவிதை புனைவதும் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. வாள் புனைவது மட்டும் எப்படிக் குழப்பும்?

இந்தத் தமிழாக்கங்களைச் செய்கிறவர்கள் விளையாட்டைத் திறந்தே பார்ப்பதில்லையோ என்று தோன்றுகிறது. வெறும் சொற்பட்டியலை வைத்துக்கொண்டு அகராதியின் முதல் பொருளை எழுதினால் இப்படித்தான் ஆகும். உலையில் தாதுவை இட்டால் பாளம் வரும். தங்கப் பாளம், வெள்ளிப் பாளம் எல்லாம் நாளிதழிலேயே வருகிற சொற்கள். இவர்களோ இங்காட் என்று அப்படியே விடுகிறார்கள், அல்லது தங்கச் செங்கல் என்கிறார்கள். புனையாமல் தேடிச் சேர்த்து வைக்கிற இசைத்தட்டு போன்றவற்றுக்கு ‘சேகரிக்கத்தக்கவை’யாம், அரும்பொருள் என்றால் திரையில் இடமும் மிச்சமாகும். ஒரு மொழிபெயர்ப்பில் ரெசிபியைச் சமையல் குறிப்பு ஆக்கியிருந்தார்கள். ‘இரும்புக் கோடரிக்கான சமையல் குறிப்பு திறக்கப்பட்டது.’ செய்முறை என்று ஒரு சொல், பத்தாம் வகுப்பு அறிவியல் தேர்விலேயே எழுதிவிட்டு வந்ததுதானே?