சொல் விளக்கம்: கேப்ஷன் – எழுத்துரை

மருந்துக்கடைக் கல்லாவின் மேல் போன் மல்லாந்து கிடக்கிறது. "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. ரெண்டு வேளை. சாப்பிட்டதும் போடணும்" என்கிறார் கடைக்காரர். அவர் சொல்லி முடிப்பதற்குள் திரையில் தமிழ் வரி ஓடி வருகிறது. என் பெரியம்மா மகன், எங்கள் எல்லோருக்கும் அண்ணன், குனிந்து படிக்கிறார். 'ரெண்டு வேலை' என்று விழுந்திருக்கிறது. அண்ணனுக்கு அதில் குழப்பமில்லை. இரண்டு விரலைக் காட்டுகிறார், சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதுபோல் கையை அசைக்கிறார், 'அப்புறம்தானே?' என்று புருவத்தாலேயே கேட்கிறார். "ஆமா ஆமா" என்கிறார் கடைக்காரர். அந்த இரண்டு 'ஆமா'வும் திரையில் வந்து நிற்கின்றன.

மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சலில் அண்ணனுக்குக் காது போய்விட்டது. தையல் தொழில். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, மகள் போனில் போட்டுக் கொடுத்த ஒரு செயலியின் உதவியால், கூட ஆள் இல்லாமல் மருந்து வாங்கி வருகிறார். அந்த ஓடும் வரிக்கு என்ன பெயர்? லைவ் கேப்ஷன் என்கிறோம், சப்டைட்டில் என்கிறோம். தமிழில் சொல்லச் சொன்னால் ஆளுக்கொன்று சொல்கிறோம், அல்லது விழிக்கிறோம். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

கேப்ஷன் என்பதன் வேர் 'காபெரே' என்ற லத்தீன் வினைச்சொல். பிடி, எடு, கைப்பற்று என்று பொருள். கேப்சர், கேப்டிவ் எல்லாம் அதே வேரில் கிளைத்தவைதான். 14-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, கேப்ஷன் என்றால் ஆளைப் பிடிப்பது. பிறகு அது சட்டத்துறைக்குப் போனது. ஓர் ஆவணம் எங்கே, எப்போது, யார் முன்னிலையில் பெறப்பட்டது என்று அதன் தொடக்கத்தில் எழுதும் குறிப்புக்கு அந்தப் பெயர் வந்தது. நம் பத்திரங்களில் முதலில் வரும் 'இந்த ஆண்டு, இந்த மாதம், இந்தத் தேதியில்' பகுதியை நினைத்துக்கொள்ளலாம். ஆவணத்தின் தலையில் இருந்த சொல் 18-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் கட்டுரைக்கும் அத்தியாயத்துக்கும் தலைப்பு ஆனது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கப் பத்திரிகைகளில், படத்துக்குக் கீழே இறங்கி உட்கார்ந்தது. அங்கிருந்து திரைக்கு வந்தது.

திரையில் அது வந்த கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும். பேசாத படக் காலத்தில் காட்சிக்கு நடுநடுவே எழுத்து அட்டைகள் வரும். காது கேட்பவரும் கேளாதவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே கதையைப் பார்த்த காலம் அது. 1927-க்குப் பிறகு படங்கள் பேசத் தொடங்கின, அட்டைகள் போய்விட்டன. உலகமே கொண்டாடிய அந்த மாற்றத்தில், கேளாதவர்கள் கையிலிருந்த சினிமா பறிபோனது. பேசாத படங்களில் நடித்தவர், கியூபாவில் பிறந்த எமர்சன் ரொமேரோ என்பவர். அவருக்கும் காது கேட்காது. அவர் 1947-இல் பேசும் படச் சுருள்களை வாங்கி, வெட்டி, இடையிடையே எழுத்துச் சட்டங்களை ஒட்டித் தன்னைப் போன்றவர்களுக்கு வாடகைக்குக் கொடுத்தார். கத்தரியும் பசையும்தான் கருவி.

தொலைக்காட்சிக்குக் கேப்ஷன் 1972-இல் வந்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர நிலையம் ஒன்று, ஜூலியா சைல்டின் சமையல் நிகழ்ச்சியை எழுத்தோடு ஒளிபரப்பியது. அந்த எழுத்து எல்லோர் திரையிலும் தெரிந்தது. வேண்டியவர்களுக்கு மட்டும் தெரியும்படியான முறை 1980 மார்ச்சில் தொடங்கியது. ஆனால் அதைப் பார்க்க டிவியோடு ஒரு பெட்டியைத் தனியாக இணைக்க வேண்டும். விலை ஏறத்தாழ 250 டாலர். எத்தனை வீட்டில் வாங்க முடியும்? 1990-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன்படி 1993 ஜூலை முதல், 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள டிவிகளில் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்யும் சில்லு உள்ளேயே இருந்தாக வேண்டும். டிவி வாங்கிய எல்லோர் வீட்டுக்கும் சில்லு தானாகப் போய்ச் சேர்ந்தது. தனிப்பெட்டியின் விலை என்ற பேச்சுக்கே அப்புறம் இடமில்லை.

உதவிக் கருவிகள் பற்றி யார் பேசினாலும் இந்தப் பெட்டியும் சில்லும்தான் எனக்கு நினைவுக்கு வரும். தனியாகச் செய்து, தனியாக விற்கும் வரை கருவி ஏழைக்கு எட்டாது. எல்லோர் கையிலும் இருக்கும் பொருளுக்குள் அது போய் உட்கார்ந்துவிட்டால் எட்டிவிடும். அண்ணன் விஷயத்திலும் அதுதான் நடந்தது. 2019 பிப்ரவரியில் கூகுள் வெளியிட்ட 'லைவ் டிரான்ஸ்க்ரைப்' செயலிக்கு விலை இல்லை. அப்போதே பழையதாகிவிட்ட ஆண்ட்ராய்டு 5.0 போனிலும் அது ஓடியது. தொடக்கத்திலேயே எழுபதுக்கு மேற்பட்ட மொழிகள், தமிழும் அதில் உண்டு. அதற்கு வித்திட்டவர்களில் ஒருவர் திமித்ரி கனெவ்ஸ்கி, சிறு வயது முதலே காது கேளாத ஆராய்ச்சியாளர். காது கேளாதோருக்கான கல்லாடெட் பல்கலைக்கழகமும் கூட நின்றது. தேவைப்பட்டவரே கருவியைச் செய்தால் எங்கே இடிக்கிறது என்று அவருக்குத் தெரியும் அல்லவா? நாய் குரைப்பதையும் கதவு தட்டுவதையும்கூட அந்தச் செயலி அடையாளம் கண்டு எழுத்தில் காட்டத் தொடங்கியது அதே ஆண்டில்தான்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம்.

பத்திரிகைப் படத்துக்குக் கீழே வரும் கேப்ஷனுக்குப் 'படக்குறிப்பு' என்ற நல்ல சொல் இருக்கிறது. அதில் தகராறு இல்லை. திரையில் ஓடும் வரிக்குத்தான் சிக்கல். சப்டைட்டில் என்பதை இரண்டாக உடைத்து 'துணைத்தலைப்பு' என்று சிலர் எழுதுகிறார்கள். தமிழில் துணைத்தலைப்பு என்றால் பெரிய தலைப்புக்குக் கீழே வரும் சின்னத் தலைப்பு. திரையில் ஓடும் வரி எதற்கும் தலைப்பு இல்லையே. ஆகவே இதை விட்டுவிடலாம்.

'வசனவரி' இதைவிட மேல். பிறமொழிப் படம் பார்க்கும்போது கீழே ஓடும் மொழிபெயர்ப்புக்கு அது கச்சிதம். ஆனால் அங்கே ஒரு வேறுபாடு இருக்கிறது. சப்டைட்டில் போடுபவர், உங்களுக்குக் காது கேட்கும், மொழி மட்டும் தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறார். கேப்ஷன் போடுபவர், உங்களுக்கு ஓசையே எட்டவில்லை என்று தெரிந்து எழுதுகிறார். குக்கர் விசில் அடிப்பது, திரைக்கு வெளியிலிருந்து அம்மா கூப்பிடுவது, இசை சட்டென்று நின்றுபோவது எல்லாமே அவர் கணக்கில் வர வேண்டும். இவை எதுவும் வசனம் கிடையாது. தமிழ்ப் படங்களுக்கு ஆங்கில சப்டைட்டில் எளிதாகக் கிடைக்கிறது. தமிழ்ப் படத்தைத் தமிழிலேயே படித்துப் பார்க்க வழி அரிதாகவே இருக்கிறது. இந்த வேறுபாடு நம் மனதில் இன்னும் ஊறவில்லை என்பதற்கு அதுவே அடையாளம். வீட்டில் எல்லோரும் சிரித்து ஓயும் வரை காத்திருந்து, 'என்ன, என்ன?' என்று கையைச் சுழற்றிக் கேட்கும் அண்ணனை நாற்பது வருடம் பார்த்தவன் நான்.

நான் பரிந்துரைக்கும் சொல் 'எழுத்துரை'. காரணம் சொல்கிறேன். உரை என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. உரைத்தல் என்றால் வாயால் சொல்வது. மேடையில் ஆற்றுவதும் உரைதான். குறளுக்கு உரை என்றால் எழுதிவைத்த விளக்கம். எழுத்து என்ற சொல்லும் அப்படித்தான். எழுதப்படுவது என்பதால் எழுத்து என்று நினைக்கிறோம். ஆனால் நன்னூல் 'அணுத்திரள் ஒலி எழுத்து' என்கிறது. நம் இலக்கணத்தில் எழுத்து முதலில் ஒலி, பிறகுதான் வரி. ஒலிவடிவு, வரிவடிவு என்று இரண்டும் அதற்கு உண்டு. காதுக்கு உரிய பக்கமும் கண்ணுக்கு உரிய பக்கமும் சேர்ந்தே இருக்கும் இரண்டு சொற்களைக் கோத்தால் எழுத்துரை. கேப்ஷன் செய்யும் வேலையும் ஒலிவடிவை வரிவடிவாக்கித் தருவதுதான்.

லத்தீன் வேரை விட்டுவிட்டோமே என்று வருந்த வேண்டாம். புரியாததைப் 'பிடிபடவில்லை' என்று நாமும்தான் சொல்கிறோம்.

இதன் கிளைச் சொற்களும் தடையில்லாமல் அமைகின்றன. பேசப் பேச வருவது நேரடி எழுத்துரை. ஓப்பன் கேப்ஷன், எப்போதும் திரையில் இருப்பதால், நிலை எழுத்துரை. குளோஸ்டு கேப்ஷனை 'மூடிய' என்று பெயர்ப்பது பொருந்தாது. வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், வேண்டாமென்றால் அணைத்துவிடலாம் என்பதால் அது விருப்ப எழுத்துரை. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மின்னணு ஊடகங்களில் சைகைமொழிபெயர்ப்போடு இதையும் கேட்கிறது. திரையரங்குகளுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் 2024 மார்ச்சில் வந்தது. அரசாணையிலும் விண்ணப்பத்திலும் எழுத நமக்கு ஒரு சொல் தேவைப்படுவது இதனால்தான்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். எழுத்துரை சைகைமொழிக்கு மாற்று கிடையாது. பிறவியிலேயே கேளாதவர்கள் பலருக்குச் சைகைமொழிதான் முதல் மொழி. தமிழ் எழுத்து பள்ளியில் கற்ற இரண்டாம் மொழி. வேகமாக ஓடும் வரி அவர்களில் பலருக்குச் சுமையாகவே இருக்கும். இந்திய சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் தன் அகராதியைப் பத்தாயிரம் சொற்களாக விரித்தது. அந்த வேலையும் இதே அளவுக்கு முக்கியம். அப்புறம், 'ஊமை' என்ற சொல்லை அறவே விட்டுவிடுங்கள். அண்ணனுக்குக் குரல் இருக்கிறது. பேத்தி மீசையைப் பிடித்து இழுத்தால் தெருமுனை வரை கேட்கச் சிரிப்பார். கேளாததால் பேச்சு பழகவில்லை, அவ்வளவுதான்.

கருவியின் குறைகளும் கண்முன் இருக்கின்றன. ல, ள, ழ மூன்றும் அதற்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. இரண்டு பேர் சேர்ந்து பேசினால் வரிகள் கலந்துவிடும். சிக்னல் குறைந்தால் தடுமாறும். மாத்திரை அளவு, பணம், தேதி இவற்றை எண்ணாக எழுதிக் காட்டிவிடுவது நல்லது. போனை வாயருகே நீட்டாமல் இருவருக்கும் நடுவே வைத்து, முகம் பார்த்து, வழக்கமான வேகத்தில் பேசினால் போதும்; கத்த வேண்டியதில்லை.

இந்தச் சொல்லை அண்ணனிடமே காட்டிக் கேட்டேன். 'எழுத்துரை' என்று போனில் அடித்து நீட்டினேன். இரண்டு முறை படித்தார். அவர் இதற்கு வைத்திருக்கும் சைகை வேறு: விரல்களைக் கூட்டி, மோவாய்க்குக் கீழே நூல் இழுப்பதுபோல் இழுப்பார். அதைச் செய்து காட்டி, 'இதானே?' என்றார். தலையாட்டினேன். போனை வாங்கி நிதானமாக அடித்துக் கொடுத்தார்: "பேர் நல்லாருக்கு. எழுத்து சின்னதா இருக்கு."

அமைப்புகளுக்குள் போய் எழுத்தின் அளவை இரண்டு படி கூட்டி, போனை மறுபடி அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.