ஆம்ப் வாங்கும் முன் ஆம்பியரைக் கணக்குப் போடுங்கள்

"ஏனுங்கண்ணா, சவுண்டு கூட்டினா ஆம்ப் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வருது. ஒரு கெபாசிட்டர் போட்டுட்டா சரியாயிடுமுங்களா?"

டிக்கியில் சப்ஊஃபரும் (பேஸுக்கான பெரிய ஸ்பீக்கர்) அதை ஓட்டும் ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) ஏற்றிய கையோடு எங்கள் பட்டறைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். கோயம்புத்தூரில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். ஆடியோ விற்பது என் தொழில் இல்லை. விற்ற இடத்தில் கவனிக்காமல் விட்டதைச் சரிசெய்யத்தான் வண்டி என்னிடம் வருகிறது. அதனால் என் பேச்சில் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாட்ஸ் விஷயம். பெட்டியின் மேல் 3000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு ஆம்ப்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டு இருந்தால் அந்த ஆம்ப் தொடர்ந்து இழுக்கக்கூடியது ஏறக்குறைய 60 ஆம்பியர். 13.8 வோல்ட்டால் பெருக்கினால் 828 வாட்ஸ் உள்ளே போகிறது. மின்சாரத்தை அதிகம் சூடாக வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப் என்றால் அதில் 80 சதவீதம் வெளியே வரும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆக, 660 வாட்ஸ் சொச்சம். கூடுதலாக வீணாக்கும் கிளாஸ் ஏபி வகை என்றால் இன்னும் கீழே. விவரத்தாளில் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்ஸ்) என்று போட்டிருக்கும் எண்ணும் இதற்குப் பக்கத்தில் இருந்தால் அந்தக் கம்பெனியை நம்பலாம்.

இப்போது நிஜமாகவே 1000 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் கிளாஸ் டி ஆம்ப்பை எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் அது சுமார் 90 ஆம்பியர் கேட்கும். பாட்டு ஏறி இறங்குவதால் சராசரி அதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் நிற்கும். ஆனால் விடாமல் பேஸ் அடிக்கும் குத்துப்பாட்டு போட்டால் அந்தச் சராசரி நன்றாகவே மேலே ஏறும். சரி, சின்ன ஹேட்ச்பேக் காரில் இருப்பது என்ன? எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் 70, 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர், 35 ஏஎச் (ஆம்பியர்-அவர்) பேட்டரி. அந்த 80 ஆம்பியரும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது கிடைப்பது. ஐடிலில் அதில் பாதி வந்தாலே பெரிது. ராத்திரி நேரம், சிக்னலில் நிற்கிறீர்கள், ஏசி ஓடுகிறது, ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறது, ஹாலஜன் ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து 8 ஆம்பியர் தின்கிறது, ஃபியூயல் பம்ப், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எல்லாம் அதற்கு மேல். வண்டியின் சொந்தச் செலவுக்கே ஆல்டர்னேட்டர் திணறும் நேரம் அது. அந்த நேரத்தில் ஆம்ப் கேட்பது முழுக்கப் பேட்டரியிலிருந்துதான் போகும். ஆல்டர்னேட்டர் மாசச் சம்பளம், பேட்டரி சேமிப்பு. சேமிப்பை எடுத்துச் செலவு செய்யலாம், ஆனால் சம்பளத்திலிருந்துதான் திரும்பப் போட்டாக வேண்டும்.

நோயை எங்கே தேடுவது என்பதற்கு இரண்டு அறிகுறிகளைப் பிரித்துப் பார்த்தால் போதும். பேஸ் அடிக்கும்போது ஹெட்லைட்டும் டேஷ்போர்டு விளக்கும் சேர்ந்து மங்கினால் குறை முன்பக்கம்: ஆல்டர்னேட்டர், பேட்டரி, எஞ்சின் எர்த் (மின்சாரம் பாடி வழியாகப் பேட்டரி நெகட்டிவ்வுக்குத் திரும்பும் இணைப்பு), இந்த மூன்றில் ஒன்று. ஹெட்லைட் அசையாமல் எரிகிறது, ஆம்ப் மட்டும் அணைந்து அணைந்து வருகிறது அல்லது பேஸ் கிழிகிறது என்றால் குறை பின்பக்கம், அதாவது பேட்டரிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே. இதைப் பிரிக்காமல் பொருளை மாற்ற ஆரம்பித்தால் காசுதான் போகும்.

அப்படி வந்த ஒரு செடானைப் பற்றிச் சொல்கிறேன். ஹெட்லைட்டில் எந்த ஆட்டமும் இல்லை, ஆம்ப் மட்டும் புரொடெக்ட் விளக்கை (தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறேன் என்ற அடையாளம்) காட்டி நின்றுவிடும். மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கிவைத்துத் தரும் கெபாசிட்டர் ஏற்கெனவே போட்டாயிற்று. அடுத்து பேட்டரியைப் பெரிதாக்கச் சொல்லியிருந்தார்கள். எஞ்சினை ஓடவிட்டு, பாட்டுக்குப் பதிலாக 50 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை அளவான சவுண்டில் போட்டேன். பாட்டு வைத்தால் மீட்டரில் எண் நிற்காமல் ஆடும், ஒன்றும் படிக்க முடியாது. பேட்டரி டெர்மினலில் 13.7 வோல்ட், ஆம்ப் டெர்மினலில் 11.6. நடுவில் 2.1 வோல்ட் எங்கே போனது?

அதைக் கண்டுபிடிக்க ஒரு நீள வயரும் சாதாரண மல்டிமீட்டரும் போதும். டோன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவ்விலும் இன்னொன்றை ஆம்ப் பாசிட்டிவ்விலும் வைத்தேன்: 0.8 வோல்ட். ஆம்ப் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் நடுவில் 1.3 வோல்ட். ஆக, பெரிய ஓட்டை எர்த்தில். பின்சீட்டைத் தூக்கினால், சீட் பிராக்கெட் போல்ட்டில் எர்த் வயரைச் சுற்றி இறுக்கியிருக்கிறார்கள். அடியில் பெயின்ட், அதற்கு மேல் சீலன்ட். மின்சாரம் போல்ட்டின் மரை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பக்கத்திலேயே தடித்த தகடு இருக்கும் இடமாகப் பார்த்து வெள்ளி மாதிரி மின்னும்வரை சுரண்டி, தனி போல்ட், பல் வாஷர், கிரிம்ப் செய்த லக்கு வைத்து இறுக்கி, துரு ஏறாமல் மேலே பெயின்ட் அடித்தேன். 1.3 என்பது 0.2 ஆனது. பிறகு பாசிட்டிவ் கேபிளை 25 ஸ்கொயர் எம்எம் செம்புக்கு மாற்றினேன், 0.8 என்பது 0.3 ஆனது. ஆம்ப்புக்கு 13.2 வோல்ட் கிடைத்தது. அதற்குப் பிறகு அது அணையவில்லை. பேட்டரி பழையதேதான்.

சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் எடுக்கும் பழக்கமும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த போல்ட்டின் வேலை உயிரைப் பிடிப்பது.

கேபிள் விஷயத்தில்தான் ஏமாற்று அதிகம். 'ஆம்ப் கிட்' என்று மலிவு விலையில் தொங்கும் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் இருப்பது செம்பு பூசிய அலுமினியம். அலுமினியம் செம்பின் 60 சதவீத அளவுக்குத்தான் மின்சாரம் கடத்தும். போதாததற்கு ரப்பர் தடிமனாக இருக்கும், உள்ளே கம்பி ஒல்லியாக இருக்கும். 4 கேஜ் என்றால் 21 ஸ்கொயர் எம்எம் இருக்க வேண்டும். அறுத்துப் பார்த்தால் 10 கூடத் தேறாத கிட்டுகளைப் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட கேபிளில் 5 மீட்டர் தூரத்துக்கு 90 ஆம்பியர் அனுப்பினால் 1.2 வோல்ட் வழியிலேயே காலி. வாட்ஸில் சொன்னால் 100-க்கு மேல், அத்தனையும் கார்ப்பெட்டுக்கு அடியில் சூடாக மாறுகிறது. கடையிலேயே சோதித்துவிடலாம்: ஓர் இழையைப் பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். கையில் தூக்கினாலும் தெரியும், செம்பு அலுமினியத்தைப் போல மூன்று மடங்கு கனம். நல்ல செம்புக் கேபிள் மீட்டர் கணக்கில் விலை கூடத்தான். 1000 வாட்ஸுக்கு 25 அல்லது 35 ஸ்கொயர் எம்எம் போடுங்கள், பிறகு ஆம்ப்பைப் பெரிதாக்கினாலும் தாங்கும்.

அடுத்தது ஃபியூஸ். இதில் மட்டும் நான் யாரோடும் பேரம் பேசுவதில்லை. பேட்டரியிலிருந்து பின்னால் போகும் கேபிளுக்கு, பேட்டரி டெர்மினலிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருந்தே ஆக வேண்டும். "ஆம்ப்லதான் ஃபியூஸ் இருக்கே அண்ணா" என்பார்கள். ஆம்ப்பில் இருப்பது ஆம்ப்புக்கு. முன்னால் இருக்க வேண்டியது வயருக்கு. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வரும் தகட்டு ஓட்டையில் ரப்பர் கிரோமெட் (விளிம்பை மூடும் வளையம்) போடாமல் கேபிளை இழுத்திருப்பார்கள். ஒவ்வொரு குலுக்கலிலும் தகட்டின் விளிம்பு இன்சுலேஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். ஒரு நாள் செம்பு பாடியைத் தொடும். சின்னக் கார் பேட்டரிகூட அந்த நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். ஆம்ப்பில் இருக்கும் ஃபியூஸுக்கு நடப்பதே தெரியாது, ஏனென்றால் மின்சாரம் அதுவரை போகவே இல்லை. கேபிள் சிவந்து, கார்ப்பெட் பற்றும். 25 ஸ்கொயர் எம்எம் செம்புக்கு 100 ஆம்பியர் ஃபியூஸ் போடலாம். அது அடிக்கடி போகிறது என்று 200 போடுவதும் கம்பி சுற்றுவதும் ஒன்றுதான். போகிற ஃபியூஸ் ஏதோ சொல்கிறது, காரணத்தைத் தேடுங்கள்.

முன்பக்கக் குறைக்கு வருவோம். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி பாசிட்டிவ்வுக்கு, பேட்டரி நெகட்டிவ்விலிருந்து பாடிக்கு, எஞ்சினிலிருந்து பாடிக்கு. இந்த மூன்று கேபிள்களும் கம்பெனி போட்ட லோடுக்கு அளந்து போட்டவை. அவற்றோடு கூடுதலாகத் தடித்த செம்புக் கேபிள் ஓட்டுவதைத்தான் ஆடியோக்காரர்கள் 'பிக் த்ரீ' என்கிறார்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் கூடுதல் கேபிளுக்கும் ஃபியூஸ் வேண்டும், மறந்துவிடுகிறார்கள். பழைய வண்டிகளில் எஞ்சின் எர்த் பட்டை துருப்பிடித்துப் போயிருக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் சுடுகிறது என்று ஒருவர் வந்தால் நான் முதலில் பார்ப்பது அந்தப் பட்டையைத்தான். திரும்பிப் போக வேறு வழி இல்லாமல் மின்சாரம் அந்த மெல்லிய கேபிளில் ஏறியிருக்கும்.

கெபாசிட்டர் கேள்விக்குக் கணக்கோடு பதில் சொல்கிறேன். 1 ஃபாரட் கெபாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது தரும் ஆற்றல் 32 ஜூல் கூட இல்லை. 1000 வாட்ஸ் இழுத்தால் அது 0.03 விநாடிக்கு வரும். ஒரு 'டம்'முக்குக்கூடப் போதாது. நீல விளக்கோடு வோல்ட் காட்டும் அழகுக்காக வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பேட்டரி எஞ்சினை அணைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பவர்களுக்குப் பயன்படும். அப்படி வைத்தால், எஞ்சின் நின்றதும் இரண்டு பேட்டரியையும் பிரித்துவிடும் ஐசொலேட்டர் ரிலே போடுங்கள், இல்லாவிட்டால் காலையில் செல்ஃப் எடுக்காது. டிக்கியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் சாதாரணப் பேட்டரியை வைக்கவே கூடாது. சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன் கேபினுக்குள்தான் நிற்கும். தண்ணீர் ஊற்ற வேண்டாத, மூடிய ஏஜிஎம் வகை வாங்குங்கள். இரண்டு பேட்டரியையும் இணைக்கும் கேபிளின் இரு முனையிலும், ஒவ்வொரு பேட்டரிக்குப் பக்கத்திலும் ஒன்றாக, இரண்டு ஃபியூஸ் வேண்டும், ஏனென்றால் இப்போது கேபிளுக்கு இரண்டு பக்கமிருந்தும் மின்சாரம் வரும்.

ஆல்டர்னேட்டரைப் பெரிதாக்குவது கடைசி வேலை. 1000 வாட்ஸைத் தாண்டித் தினமும் ஓட்டுகிறவர்களுக்குத்தான் அது தேவை. கூடுதலாக 100 ஆம்பியர் எடுத்தால் எஞ்சினிலிருந்து 3 குதிரைத்திறனுக்கு மேல் போகும், பெல்ட் வழுக்கும். புதிய வண்டிகளில் இன்னொரு சிக்கல்: ஆல்டர்னேட்டரை ஈசியூதான் ஆட்டிவைக்கிறது. சீராக ஓடும்போது வோல்ட்டைக் குறைத்து, பிரேக் பிடிக்கும்போது ஏற்றும். மீட்டரில் 12.7 பார்த்துவிட்டு ஆல்டர்னேட்டர் போச்சு என்று யாராவது சொன்னால் உடனே கழற்றவிடாதீர்கள். அந்த வண்டிகளில் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலில் குட்டியாக ஒரு சென்சார் இருக்கும். ஆம்ப் எர்த்தை நேராக நெகட்டிவ் முனையிலேயே மாட்டினால் ஆம்ப் இழுப்பது சென்சாருக்குத் தெரியாது, பேட்டரி நிறைந்திருப்பதாக நினைத்து சார்ஜைக் குறைத்துவிடும். எர்த்தைப் பாடியில் எடுங்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் ஒரு வரி. வெளியில் போட்ட எலக்ட்ரிக்கல் பொருள்களை பாலிசியில் சேர்க்க ஐஎம்டி 24 என்ற பிரிவு இருக்கிறது. பொருள் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். பில்லோடு சேர்த்துவிடுங்கள். சேர்க்காத ஆம்ப்புக்குப் பின்னால் பணம் கேட்க வழியில்லை. வயரிங் வேலை முடிந்ததும் ஃபியூஸ், கிரோமெட், எர்த் மூன்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வதும் உதவும்.

மின்சாரக் கார்க்காரர்கள் இப்போது இதே கேள்வியோடு வர ஆரம்பித்திருக்கிறார்கள். அவற்றில் ஆல்டர்னேட்டரே கிடையாது. பெரிய பேட்டரியிலிருந்து டிசி-டிசி கன்வெர்ட்டர் வழியாகத்தான் 12 வோல்ட் பேட்டரிக்குச் சார்ஜ் வருகிறது. அந்த கன்வெர்ட்டர் எத்தனை ஆம்பியர் தரும், அதில் வண்டிக்கு எவ்வளவு போகும் என்று தெரியாமல் ஆம்ப் மாட்டினால் பாட்டு நிற்பதோடு போகாது. 12 வோல்ட் படுத்துவிட்டால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் ஆன் ஆகாது. பெரிய பேட்டரியின் உயர் வோல்ட் போகும் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் கையே போகக்கூடாது என்பதையும் சேர்த்துத்தான் அவர்களிடம் சொல்லி அனுப்புகிறேன்.