களி இன்னும் பாறையாகவில்லை

கட்டடம் கட்டப்போகிற மனையில் துளை போட்டு எடுத்த மண் சாம்பிள் கைக்கு வந்ததும் நான் செய்யும் முதல் வேலையைப் பார்த்தால் புதிதாக வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள். ஒரு சிட்டிகை கிள்ளி முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடிப்பேன். நறநறவென்றால் வண்டல், வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி, அதாவது களிமண். ரசாயனக் கழிவு கலந்திருக்கக்கூடிய இடத்தில் நீங்கள் இதைச் செய்துவிடாதீர்கள். மற்றபடி லேப் முடிவு வர ஒரு வாரமாகும், பல் அப்போதே சொல்லிவிடும்.

வண்டலோ களியோ, எல்லாம் மண்தானே என்றுதான் பலரும் கேட்கிறார்கள். 1922-ல் அமெரிக்க நிலவியலாளர் வென்ட்வொர்த் ஒழுங்குபடுத்திய துகள் அளவுகோலைத்தான் நாங்கள் இன்றைக்கும் வைத்திருக்கிறோம்: 2 மில்லிமீட்டரிலிருந்து 1/16 மில்லிமீட்டர் வரை மணல், அங்கிருந்து 1/256 வரை வண்டல், அதற்கும் கீழே களி. துகள் சிறுத்தால் நீரில் இறங்கும் வேகம் அதே விகிதத்தில் குறைவதில்லை, அதன் இருமடியில், அதாவது வர்க்கத்தில் குறைகிறது. பத்தில் ஒரு பங்காகச் சிறுத்த நுண்துகள் நூறு மடங்கு மெதுவாக விழும். ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) களித்துகள் துளியும் அசையாத நீரில் ஒரு மீட்டர் இறங்கவே ஏறக்குறைய 12 நாள் ஆகும். ஓடுகிற ஆற்றில் அது எங்கே போய்ப் படிவது? அதனால்தான் ஆறு மணலை வழியிலேயே போட்டுவிட்டு, களியை வெள்ளம் தேங்குகிற தாழ்விடத்துக்கும் ஏரி அடிக்கும் கைவிட்ட பழைய வளைவுகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. கடலைத் தொட்டால் உப்புநீரில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு கொஞ்சம் வேகமாக இறங்கும்.

இறங்கினாலும் ஒழுங்காக அடுக்கிக்கொள்வதில்லை. களித்துகள் தட்டையானது. சீட்டுக்கட்டை நிற்கவைத்துக் கட்டிய வீடு போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும், நடுவெல்லாம் தண்ணீர். புதிதாகப் படிந்த சேற்றில் பருமனளவில் 70, 80 சதவீதம்கூட நீராகவே இருக்கும். மணலில் அந்த இடைவெளி சுமார் 40 சதவீதம்தான், அதுவும் குண்டு குண்டாகத் தொட்டுக்கொண்டு நிற்பதால் அமுக்கினாலும் அதிகம் சுருங்காது. களி சுருங்கும். மேலே அடுக்கு ஏற ஏற நீர் பிழியப்பட்டு, தட்டுகள் படுத்து, கிலோமீட்டர் கணக்கில் புதைந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் போனபின் களிப்பாறை ஆகும். டெல்டாச் சமவெளிகளில் நாம் வீடு கட்டும் மேல்மண்ணுக்குப் பெரும்பாலும் சில ஆயிரம் வயதுதான். பாறையாகும் வேலை அங்கே இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது, அதன் தலைமேல் நாம் கட்டடத்தை ஏற்றுகிறோம்.

பைசா கோபுரத்தைச் சாய்ந்த வேடிக்கையாகவே எல்லோரும் பார்க்கிறார்கள், எனக்கு அது களி எவ்வளவு மெதுவானது என்பதற்கான கணக்கு. 1173-ல் தொடங்கி மூன்றாம் தளம் வந்ததும் 1178 வாக்கில் வேலை நின்றது, மறுபடி தொடங்க ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு ஆனது. அந்த இடைவெளியில் அடியில் இருந்த களி மெல்ல நீரைக் கக்கி இறுகிக்கொண்டது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் அப்போதே விழுந்திருக்கும் என்பதுதான் மண்ணியல் பொறியாளர்களின் கணிப்பு. நீர் வெளியேறும் நேரமும் தடிமனின் இருமடியில்தான் கூடும். களி அடுக்கு இரண்டு மடங்கு தடிமன் என்றால் அமிழ்ந்து முடிய நான்கு மடங்கு காலம். கட்டி முடித்து மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லையே, இனி பயமில்லை என்று ஒருவர் சொல்லும்போது எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

மேலே பாரம் ஏற்றாமலேயும் களியைப் பிழியலாம். நிலத்தடி நீரை உறிஞ்சினால் போதும், துளைகளில் இருந்த நீரழுத்தம் தாங்கிக்கொண்டிருந்த சுமை துகள்களின் மேல் இறங்கிவிடும். கலிபோர்னியாவின் சான் வாக்கின் பள்ளத்தாக்கில் 1977-ல் எடுத்த ஒரு படம் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். நிலவியலாளர் ஜோசப் போலண்ட் ஒரு மின்கம்பத்தின் பக்கத்தில் நிற்கிறார். அவர் தலைக்கு மேல் எங்கோ உயரத்தில் 1925 என்று ஒரு பலகை, அதுதான் அந்த ஆண்டின் தரைமட்டம். சுமார் 9 மீட்டர். மெக்சிகோ நகரம் பழைய ஏரிக்களியின் மேல் நிற்கிறது, சில பகுதிகளில் ஆண்டுக்கு 50 சென்டிமீட்டர் வரை இறங்கியதாக அளந்திருக்கிறார்கள். மழை பெய்து நீர்மட்டம் ஏறினால் தரையும் ஏறிவிடும் என்று நினைக்க வேண்டாம். படுத்த தட்டு எழுந்து நிற்காது. மணல் அடுக்கில் நீர் திரும்ப நிறையும், நசுங்கிய களியில் அந்த இடமே இல்லாமல் போயிருக்கும்.

சரி, என் கண்ணால் பார்த்தது ஒன்று. மூன்று தளக் கட்டடம், பின்பக்கம் மட்டும் இறங்கி, மாடிப்படி சுவரோடு சேரும் இடத்தில் ஒரு நாணயத்தை நிற்கவைத்துச் செருகும் அளவுக்கு விரிசல். அறிக்கையை வாங்கிப் பார்த்தேன். மூன்று துளை போட்டிருந்தார்கள், மூன்றுமே முன்பக்கம், மூன்றிலும் நல்ல மணல். பின்னால் இயந்திரம் போக வழியில்லை என்று விட்டுவிட்டார்களாம். பழைய வான்படத்தில் அந்த மனைக்குப் பின்பாதி வழியாக ஒரு வளைவு அழகாகத் தெரிந்தது, புல் நிறம்கூட அந்தக் கோட்டில் மாறியிருந்தது. ஆறு எப்போதோ கைவிட்ட தடம், உள்ளே முழுக்கக் களி நிரம்பியிருக்கிறது. நாங்கள் மனையின் பின்பக்கம் போட்ட துளையில் எட்டு மீட்டர் வரை களி குழாயிலிருந்து பிதுங்கிப் பிதுங்கி வந்தது. இத்தனைக்கும் அறிக்கையில் தாங்குதிறன் எண், அதாவது மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்ற எண், சரியாகத்தான் இருந்தது, தவறான இடத்துக்குச் சரியான எண்.

அதனால் மண் பரிசோதனை அறிக்கை கையில் வந்தால் கடைசிப் பக்கத்துத் தாங்குதிறனை மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். களி அடுக்கு எவ்வளவு தடிமன், அது எல்லாத் துளையிலும் ஒரே ஆழத்தில் வருகிறதா, எத்தனை சென்டிமீட்டர் அமிழும், எத்தனை வருடத்தில் என்று கேளுங்கள். கட்டடம் முழுக்க ஒரே அளவு இறங்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், ஒரு பக்கம் மட்டும் இறங்குவதுதான் உடைக்கும். துளைகள் மனையின் எந்த மூலைகளில் போடப்பட்டன என்ற வரைபடம் இல்லாத அறிக்கையை வாங்கவே வாங்காதீர்கள். அப்புறம், மாதிரிப் பெட்டிகளைக் கட்டடம் முடியும் வரை தூக்கிப்போட வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மூன்று துளைகளின் மண்ணை நான் கேட்டபோது தோட்டத்தில் கொட்டிவிட்டதாகச் சொன்னார்கள்.